பாதி விமானமும் முழு மனிதனும்

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் போர் விமானத்தைப் பத்தில் ஆறு பங்கு அளவில், மரத்தால் வடிவமைத்து 1975-ல் பறக்கவிட்டார் ஜான் ஐசக்ஸ் என்ற ஆங்கிலேயர். ஸ்பிட்பயரை உருவாக்கிய சூப்பர்மரீன் நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர் அவர். இது பொம்மையன்று, ஆள் ஏறிப் பறக்கும் விமானம்.

மூல விமானம் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். இது 6.74 மீட்டர். சரியாக 60 விழுக்காடு. அப்படியானால் மற்ற யாவும் 60 விழுக்காடுதானே? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "ஆமாம்" என்பார்கள். அதுதான் இல்லை. பரப்பு இருபடியில் குறையும்: 22.5 சதுர மீட்டர் இறக்கை 8.1 ஆகிவிடும். எடையோ முப்படியில் குறையும்: தொடக்ககால ஸ்பிட்பயரின் சுமார் 2,650 கிலோ, கணக்குப்படி 570 ஆக வேண்டும். ஐசக்ஸ் அதை 500-க்குள் அடக்கிவிட்டார். ஆகவே ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் சுமை 118 கிலோவிலிருந்து 62 ஆகிவிட்டது. மூலத்துக்கு 1,030 குதிரைத் திறன் தேவைப்பட்டது; இதற்கு 100 போதும். வேகமும் அதற்கேற்பக் குறைவுதான். ஆனால் மெதுவாக, பத்திரமாக இறங்கலாம். என்னைக் கேட்டால், இதுவே இவ்விமானத்தின் உண்மையான அழகு.

சுருங்காத பொருள் ஒன்று உண்டு: விமானி! 75 கிலோ மனிதர் மூல விமானத்தின் எடையில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு; இதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

அளவை மேலும் குறைத்தால் தொல்லை முற்றும். ஜெர்மனியின் போக்கே-வுல்ப் 190 விமானத்துக்கு 'பாதி அளவு' மாதிரி ஒன்று 1974-ல் அமெரிக்காவில் பறந்தது. மூலத்தின் இறக்கை 10.5 மீட்டர். பாதி 5.25 ஆக வேண்டும். இருப்பதோ சுமார் 6 மீட்டர். உண்மையாகவே பாதியாக்கினால் இறக்கைப் பரப்பு கால் பங்காகிவிடும். முழு மனிதனை அது எப்படிச் சுமக்கும்? இறக்கையை நீட்டியதை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பின்னும் 'பாதி அளவு' என்று பெயர் சூட்டுவதே குறை.

தோற்றத்துக்காகப் போலித் துப்பாக்கிக் குழல்களும் கனமான எஞ்சினும் சேர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: எடை 10 விழுக்காடு கூடினால் இறங்கும் வேகம் சுமார் 5 விழுக்காடு கூடும், ஓடுதளத்தில் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றலோ 21 விழுக்காடு கூடிவிடும்.