குழாயை ஆட்டுவது எது?

மேட்டூர் அணையின் உபரிநீரைத் திப்பம்பட்டியிலிருந்து மேலேற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா நீரேற்றுத் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில் உருவானது. முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் தொடங்கியது. எடப்பாடி வட்டாரத்துக்கு இது பழகிய செய்தி. இத்தகைய திட்டத்தின் பெருங்குழாயை, உள்ளே ஓடும் நீரின் வேகமே குலைத்துவிடுமா?

குலைக்கும் என்கிறது ஒரு கோட்பாடு. குழாய் இம்மியளவு வளைந்தாலும், அந்த வளைவில் திரும்பும் நீர் அதை வெளிப்புறம் தள்ளும். குழாயின் விறைப்பு உள்ளே இழுக்கும். தள்ளும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், ஒரு கட்டத்தில் விறைப்பு தோற்கும். டிரான்ஸ்-அரேபியன் எண்ணெய்க் குழாயின் அதிர்வுக்குக் காரணம் தேடி ஆஷ்லியும் ஹாவிலண்டும் 1950இல் எழுதிய கட்டுரை இந்தக் கோட்பாட்டை வளர்த்தது.

தர்க்கத்தில் குறையில்லை, அளவில்தான் கேள்வி. கணக்குக்காக ஓர் எஃகுக் குழாயை எடுப்போம்: விட்டம் 1 மீட்டர், தகடு 10 மில்லிமீட்டர், தாங்கு தூண்களின் இடைவெளி 10 மீட்டர். அது குலைய நீர் நொடிக்குச் சுமார் 314 மீட்டர் ஓட வேண்டும். நீரேற்றுக் குழாய்களில் ஓடுவது நொடிக்கு 2 மீட்டர் அளவுதான். மண்ணில் புதைத்த குழாய்க்கு இந்த அச்சம் இன்னும் தொலைவு.

அதே 2 மீட்டர் ஓட்டம் திடீரென நின்றால் கதை வேறு. மின்சாரம் போய் பம்பு நின்றதும் அழுத்தம் முதலில் சரியும். பின்வாங்கும் நீரைத் தடுப்பு வால்வு சட்டென்று மறித்தால் ‘வாட்டர் ஹாமர்’. இந்தக் குழாயில் அழுத்த அலை நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் பாயும். 2 மீட்டர் வேகம் சட்டென்று அறுந்தால் எழும் கூடுதல் அழுத்தம் 200 மீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். 1898இல் ஜுக்கோவ்ஸ்கி தந்த சூத்திரத்தின் கணக்கு இது.

அப்படியானால் ஓட்ட அதிர்வுக் கோட்பாடு வீணா? இல்லை. ஆனால் அதோடு குழப்பக்கூடாத அதிர்வு ஒன்று உண்டு: பம்பு அறையில், நிமிடத்துக்கு 1,480 சுற்று சுற்றும் மோட்டார் நொடிக்கு ஏறத்தாழ 25 முறை குழாயை உலுக்கும். நீர் நிறைந்த நம் குழாயின் இயல்பு அதிர்வெண் 14க்குக் கிட்ட, தூண் இடைவெளியை 7.4 மீட்டராகக் குறைத்தாலோ 25ஐத் தொட்டு ஒத்ததிர்வு வரும். தூணைக் கூட்டினால் போதும் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் எடுபடுவது நீரின் எடை. அதன் ஓட்டம் அல்ல.

ஓட்டமே குற்றவாளியாகும் இடம் ஒன்று உண்டு: ஒரு முனை பிடிபட்டு மறுமுனை விட்ட மெல்லிய ஓஸ். மோட்டாரைப் போட்டதும் வரப்பில் கிடக்கும் ஓஸின் வாய் துள்ளி அடிப்பது இந்தக் கோட்பாட்டின் நேரடிச் சான்று. இரு முனையும் பிடிபட்ட குழாய் அப்படி விடாமல் படபடக்காது என்று பிலிப் ஹோம்ஸ் 1978இல் காட்டினார்.

ஆகவே தீர்ப்பு: கோட்பாடு சரி, பெருங்குழாயின் மீது அதைச் சுமத்துவது தவறு. அங்கே முதற்செலவு, அழுத்த அலையைச் சமாளிக்கும் காற்றுக் கலன், மெல்ல மூடும் வால்வு, வளைவுகளில் கான்கிரீட் முட்டு ஆகியவற்றுக்கே போக வேண்டும்.