உசாத்துணைப் பட்டியலில் தொலையும் பெயர்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் உக்குவளையிலுள்ள எனது வீட்டுக்கு வந்தார். மிளகுக் கொடி பற்றி ஆராய்பவர். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம் மாத்தளையிலேயே இருப்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிளகு ஆராய்ச்சி அந்நியமான விடயமல்ல. வந்தவரின் முகம் வாடியிருந்தது. விஞ்ஞான சஞ்சிகையொன்று அவரது கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. ஆய்வு முடிவுகளில் குறை சொல்லவில்லை. உசாத்துணைப் பட்டியல் சஞ்சிகையின் விதிப்படி அமையவில்லை என்பதே காரணம்.

"சேர், புள்ளி, கமா விட்டா எங்கட கையில அடிச்சவர் நீங்கதானே, கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன்.

தம்பி இரண்டு முறைகளைக் கலந்து வைத்திருந்தார். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருவது ஒன்று. 1881இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க் தமது கட்டுரையொன்றில் கையாண்டதிலிருந்து அது ஹாவர்ட் முறை எனப் பெயர் பெற்றது. மற்றது இலக்க முறை. 1978இல் மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்கள் சிலர் வன்கூவர் நகரில் கூடி வகுத்த விதிகளின் வழி வந்தது. அதில் தலைப்பெழுத்துகளுக்குப் புள்ளியில்லை, சஞ்சிகைப் பெயர் சுருங்கும், பட்டியல் அகர வரிசையில் நில்லாமல் கட்டுரையில் வரும் ஒழுங்கில் நிற்கும். இவற்றை ஒரு மாலைப்பொழுதில் சீர்செய்துவிட்டோம். இதில் எனக்குச் சஞ்சிகையோடு பிணக்கேதும் இல்லை. வாசகன் மூலத்தைத் தேடிச் சென்றடைய வேண்டுமென்றால் வழி ஒரே சீராக இருக்கத்தான் வேண்டும்.

பிணக்கு பெயர்களில் தொடங்கியது. இவ்விதிகள் யாவும் குடும்பப் பெயரை முன்னே போடச் சொல்கின்றன. தம்பி 'சொட்டேரோ' என்னும் இலவச மென்பொருளைப் பாவித்திருந்தார். 2006இல் வெளிவந்த நல்ல கருவி அது. ஆனால் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? அப்துல் காதிர் என்பவர் 'காதிர், அ.' ஆகிறார். காதிர் அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. அப்துல் என்பது தனித்து நிற்கும் சொல்லே அல்ல, அடியான் என்பதோடு அரபுச் சுட்டுச்சொல் ஒட்டி நிற்பது. அடியானை ஒற்றை எழுத்தாக்கி ஆண்டவன் பெயரைக் கட்டுரையாசிரியராக்குவதை எந்தத் தணிக்கையாளரும் கவனிப்பதில்லை. பாத்திமா பீவி 'பீவி, பா.' ஆகிறார். பீவி என்று எத்தனை பேர்!

மிளகோடு இது நின்றுவிடவில்லை. இலக்கிய ஆய்வேடுகளும் இப்போது இதே அச்சில்தான் வார்க்கப்படுகின்றன. கண்டி தந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரை எந்த எழுத்தில் தேடுவது? அ-வில் இருமுறையும் கா-வில் ஒருமுறையும் பு-வில் ஒருமுறையும் நான் தேடியதுண்டு. 'முஸ்லிம் நேசன்' நடத்தி, 1885இல் அசன்பேயின் கதையைத் தந்த சித்திலெப்பையின் பெயரில் லெப்பை ஒரு சிறப்புப் பெயர். அதைக் குடும்பப் பெயராக்கி முன்னே போட்டால் அவர் ஊரிலுள்ள எல்லா லெப்பைமாரோடும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சிலர் லெவ்வை என்றும் எழுதுவதால் ஒரே மனிதர் இரண்டாகவும் பிரிந்துவிடுகிறார். எங்கள் மாத்தளையின் நிலையோ இன்னும் வேடிக்கை. பண்ணாமம் மாத்தளையின் பழைய பெயர். பண்ணாமத்துக் கவிராயர் 'கவிராயர், ப.' ஆனால் ஊரும் போச்சு, ஆளும் போச்சு. மாத்தளை சோமுவும் மாத்தளை வடிவேலனும் 'மா.' என்ற எழுத்துக்குள் தம் ஊரை ஒளித்துவைக்க வேண்டும்.

இதையெல்லாம் மேல்நாட்டாரின் தவறு என்று தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. நான் அந்தக் கட்சியல்ல. நம்முடைய நூல்களையே எடுத்துப் பார்ப்போமே. வெளிவந்த ஆண்டு இல்லை, பதிப்பு எத்தனையாவது என்று இல்லை, வாழ்த்துரைகள் மட்டும் ஆறு. 'அறிஞர் கூறுவர்' என்று எழுதுகிறோம். எந்த அறிஞர், எந்தப் பக்கத்தில் என்பதில்லை. அரபுத்தமிழ்க் கிதாபுகளில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருக்கும். ஹிஜ்ரி 1300 என்றால் 1882 ஆகவும் இருக்கலாம், 1883 ஆகவும் இருக்கலாம். மாதம் பாராமல் ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் எழுத, ஒரு நூல் இரு நூலாகிறது. ஹிஜ்ரி ஆண்டை அப்படியே தந்து பக்கத்தில் இரண்டு ஆண்டுகளையும் குறிப்பதற்கு எந்த விதியும் தடையில்லை. சோம்பல்தான் தடை.

இந்தச் சோம்பலுக்கு நடுவே இருவர் செய்த வேலையை நினைக்க வேண்டும். எஸ். எச். எம். ஜெமீல் 'சுவடி ஆற்றுப்படை' மூலம் இலங்கை முஸ்லிம்களின் நூல்களைத் தொகுதி தொகுதியாக விபரப்படுத்தினார். என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஆயிரம் நூல்கள் வீதம் இலங்கைத் தமிழ் நூல்களைப் பதிவு செய்து வருகிறார். நம் பெயர்களை நம் முறையில் எழுதியும் ஒழுங்கு பேணலாம் என்பதற்கு இவை போதும். ஆனால் பட்டம் பெறும் ஆய்வேடுகளில் இவற்றின் பெயர்களை நான் அரிதாகவே காண்கிறேன்.

ஹதீஸ்கலை அறிந்தவர்களுக்கு இது புதிய கேள்வியுமல்ல. யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று சங்கிலி கேட்ட கலை அது. ஒரே பெயருடையோர் பலர் வந்தபோது அவர்கள் பெயரை வெட்டவில்லை; தந்தை, ஊர், தொழில் எனக் கூட்டினார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்-பக்தாதி ஒத்த பெயருடைய அறிவிப்பாளர்களைப் பிரித்தறிய ஒரு நூலே எழுதினார். 2012இல் ஆய்வாளர்களுக்குப் பதினாறு இலக்கங்கொண்ட 'ஓர்கிட்' எண் கொடுக்கத் தொடங்கியதும் இதே சிக்கலுக்காகத்தான். எண் நல்லது, தம்பியையும் எடுக்கச் சொன்னேன். ஆனால் எண்ணில் ஊர் இல்லை, வாப்பாவின் பெயரும் இல்லை.

என் சொந்தக் கதையொன்றும் உண்டு. எங்கள் பகுதித் தாலாட்டுகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பாடிக்காட்டிய மூதாட்டியின் பெயரைப் பட்டியலின் தலையில் வைத்திருந்தேன். அச்சில் வராத வாய்மொழி 'தனிப்பட்ட தொடர்பாடல்', அதைக் கட்டுரைக்குள் சொல்லலாம், பட்டியலில் சேர்க்கலாகாது என்று பதில் வந்தது. விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அச்சேறிய ஒருவர் அதே மூதாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தால் அவர் பெயர் பட்டியலில் வரும், கிழவியின் பெயர் வராது. அவர் பாடிய பாட்டுகளில் மூன்று வேறெவருக்கும் தெரியாதவை. அவர் மௌத்தாகி நான்கு வருடங்கள் ஆகின்றன.

தம்பியின் பட்டியலில் காதிர்களை அப்துல் காதிர்களாக்கினோம். மென்பொருளில் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் இட வழி இருக்கிறது. பதிப்பாசிரியருக்கு நான்கு வரியில் விளக்கமும் எழுதி அனுப்பியிருக்கிறார். என் தாலாட்டுக் கட்டுரை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. பட்டியலின் முதல் வரியை நான் மாற்றவில்லை.