சொன்னவள் மகள், கேட்டவள் தாய்

தம் குழந்தை சொன்ன ஒரு சொல்லைப் பிறரிடம் எடுத்துரைத்து மகிழாத பெற்றோர் அரியர். அச்சொல் கவிதையாகவும் அமைந்துவிட்டால், அதை ஊரறியச் செய்யாமல் இருப்பது எளிதன்று. அவ்வாறு ஊரறிந்த நூல் ஒன்று 1920-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 'ஒரு சிறுமியின் கவிதைகள்' என்பது அதன் பெயர். 1910-இல் பிறந்த ஹில்டா காங்க்ளிங், நான்கு வயது முதல் சொல்லிவந்த கவிதைகள் அதில் இடம்பெற்றுள்ளன.

'சொல்லிவந்த' என்று கூறக் காரணம் உண்டு. அவற்றை ஹில்டா தன் கையால் எழுதவில்லை. தாய் கிரேஸ் ஹசார்டு காங்க்ளிங் தாமும் ஒரு கவிஞர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்மித் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பேச்சின் நடுவே மகளின் வாயில் கவிதை பிறக்கும்போது, வேறெதையோ எழுதுபவர் போல அதைக் குறித்துக்கொள்வார். சில வேளைகளில் பின்னர் நினைவிலிருந்து எழுதி, மகளுக்குப் படித்துக் காட்டுவார். சொல் மாறியிருந்தால் சிறுமி கண்டுகொள்வாள். தலைப்புகளைத் தவிர வேறெதுவும் சேர்க்கப்படவில்லை என்று நூலின் முன்னுரையில் கவிஞர் ஏமி லோவல் உறுதி கூறுகிறார்.

இவற்றில் தாயின் கை எவ்வளவு என்று ஐயுறுவது இயல்பே. ஆயினும், படித்துக் காட்டியதில் பிழை காணும் குழந்தை பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்லும் கிளி அன்று. தாயின் கையைவிட அவருடைய செவியே இங்கு ஆராயத்தக்கது.

இக்கவிதைகளில் எதுகையைத் தேடும் முயற்சி இல்லை. பூவையும் பறவையையும் நேரே விளித்துப் பேசும் சிறு அடிகளே உள்ளன. புல்வெளியில் தானே முளைக்கும் டான்டேலியன் என்னும் மஞ்சள் பூ, அவளுக்குப் பொன் தலைக்கவசம் அணிந்த சிறு வீரனாகத் தோன்றுகிறது. அவ்வீரன் எதைக் காவல் காக்கிறான் என்று அவள் உண்மையாகவே அறிய விரும்புகிறாள். பெரியோர் கையில் அது வெறும் அணியாகியிருக்கும். இங்கே அது ஒரு கேள்வி. எல்லாக் கவிதைகளும் இவ்வுயரத்தில் இல்லை. தேவதைகள் உலவும் சிலவற்றில் கண்டதைவிடக் கேட்ட கதைகளே மிகுதியாக ஒலிக்கின்றன. யாப்பின் கட்டை நெகிழ்த்திய புதுக்கவிதை அந்நாட்டில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. லோவல் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர். முந்தைய தலைமுறையில் இவை வெறும் மழலையென்று காற்றோடு போயிருக்கக்கூடும்.

மக்கட்பேற்றைப் பாடிய வள்ளுவர், பெற்றோரின் மகிழ்ச்சியைச் செவியில் வைத்தார். தம் மக்களின் மழலையைத் தாமே கேட்பது ஒன்று. தம் மகனைப் பிறர் புகழக் கேட்பது மற்றொன்று. கிரேஸ் அம்மையார் இவ்விரண்டிற்கும் இடையே நின்றார். முதற் கேட்டல் கவிதைகளைக் காத்தது; இரண்டாவதன் விருப்பம் அவற்றை நூலாக்கியது எனலாம். முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை என்பதைப் பெருமிதம் கொள்ளும் பெற்றோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1922-இல் 'காற்றின் காலணிகள்' என்னும் இரண்டாம் நூலும் வந்தது. மகள் வளர்ந்தபோது தாய் குறிப்பெடுப்பதை நிறுத்தி, இனி நீயே எழுது என்று ஊக்கினார். அது நேர்மையான, அன்பான செயலே. ஆனால் கவிதை நின்றுபோயிற்று. 1986 வரை வாழ்ந்த ஹில்டா, பெரியவளான பின் எழுதிய கவிதை நூல் எதுவும் வெளிவரவில்லை. எதிரே செவி ஒன்று காத்திருந்தபோது ஊறிய சொல், வெற்றுத்தாளின் முன் ஊறவில்லை போலும்.

இதைத் தோல்வி என்பார் உண்டு. குழந்தையின் பாடலைக் கேட்டதும் 'வருங்காலக் கவிஞர்' என்று வாழ்த்துவது நம் வழக்கம். அவ்வாழ்த்தில் ஓர் அநீதி மறைந்துள்ளது: இன்று சொன்ன சொல்லை நாளைய புகழுக்கு அச்சாரமாக்குகிறோம், நாளை அப்புகழ் வராவிடில் இன்றைய சொல்லும் பொய்த்ததாக எண்ணுகிறோம். ஹில்டாவின் பொன்கவச வீரன் எந்த எதிர்காலத்திற்கும் கடன்பட்டவன் அல்லன். அவன் ஒரு சிறுமியின் பார்வையில் முழுமையாகப் பிறந்துவிட்டவன்.

ஆகவே பிள்ளையின் கவிதையைப் பிறருக்குக் காட்டும் பெற்றோரைக் குறை கூற வேண்டியதில்லை. அதைச் சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல் காட்டட்டும்; பட்டம் எதையும் அதன்மேல் ஏற்றாதிருக்கட்டும். காட்டி முடித்த பின்பு, மீண்டும் அப்பிள்ளையின் அருகே சென்று அமரட்டும். அது அடுத்துச் சொல்லப்போவது கவிதையாக இல்லாமலும் இருக்கலாம். அதையும் கேட்க வேண்டியவர் அவரே.