காரைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய விளையாட்டுக் கார் ஒன்று கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் மேற்பக்கத்துக்குத்தான் போகும். நிறம் மங்கியிருக்கிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, கதவில் ஒட்டிய இலக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அதைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அதுவும் கரன்டில் ஓடும் றேஸ் கார் என்றால், முன் சில்லுகளுக்கு நடுவே தொங்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. கல்முனையில் பழைய சாமான் வாங்கி விற்கும் காக்கா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, காரை உட்டுட்டு ஆணியப் பாக்கீங்க?” என்று கேட்டார். அந்த ஆணியில்தான் காரின் முழு வரலாறும் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்ல வந்திருக்கிறேன்.

அந்தத் துண்டுக்குப் பெயர் கைட். தடத்தின் நடுவே நீளமாக ஒரு தவாளிப்பு ஓடும். அதன் இரண்டு பக்கமும் உலோகப் பட்டிகள் பதிந்திருக்கும். கைட்டின் அலகு தவாளிப்புக்குள் இறங்கிக் காரை வழி நடத்தும். அலகின் இரு பக்கமும் உள்ள செம்புப் பின்னல்கள் பட்டிகளைத் தடவிக்கொண்டு போய் மோட்டருக்குக் கரன்டைக் கொடுக்கும். தோணிக்குச் சுக்கான் எப்படியோ அப்படித்தான் இந்தக் காருக்குக் கைட். ஆனால் சுக்கான் பின்னால் இருக்கும், இது முன்னால் இருக்கிறது. வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வீசும்போது முன்பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது இது ஒன்றுதான். கைட்டுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளம் கூடக் கூட, கார் தவாளிப்பை விட்டுக் கழன்று பறக்காமல் நிற்கும். கைப்பிடியின் விசையை எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது என்ற திறமையெல்லாம் கடைசியில் இந்த அலகின் பிடியில்தான் வந்து நிற்கிறது.

நம் கிழக்குக் கரைக்கு இந்தக் கார்கள் எப்படி வந்தன என்று பார்த்தால், பெரும்பாலும் மத்திய கிழக்கு வழியாகத்தான். 1977க்குப் பிறகு இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வந்தார்கள். விடுமுறையில் வரும் வாப்பாமாரின் பெட்டிகளில் துணியோடும் வாசனைத் திரவியத்தோடும் சில சமயம் ஒரு றேஸ் கார் செட்டும் இருந்தது. பற்றரியில் ஓடியவை தப்பின. மின்மாற்றியோடு வந்தவற்றுக்கு வேறு விதி. சவூதி வீடுகளில் அப்போது வழக்கத்தில் இருந்தது 127 வோல்ட். நம் சுவரில் வருவது 230. அங்கே வாங்கிய மின்மாற்றியை இங்கே அப்படியே சொருகினால் அது கருகுவதற்கு அதிக நேரம் எடுக்காது. அதற்குப் பிறகு தடம் பரணுக்குப் போகும். காரை மட்டும் பிள்ளைகள் நூல் கட்டி முற்றத்தில் இழுத்துத் திரிவார்கள். மணலில் இழுபட்ட காரில் முதலில் கழன்று போவது கைட்தான். கோமாரியிலோ திருக்கோவிலிலோ ஒரு பழைய றேஸ் கார் கிடைத்தால், பத்துக்கு ஒன்பது அடியில் வெறும் துளையோடுதான் கிடைக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கடல் கொண்டுபோனவற்றில் இப்படியான சின்னப் பொருள்களைக் கேட்பதற்கு யாருக்கும் மனம் வராது, கேட்கவும் கூடாது. இன்று மிச்சமாகக் கிடைப்பவை பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கத்து வீடுகளில் இருந்தவை.

வெறும் துளையும் பேசும். அது வட்டமா, நீள்சதுரமா, சுற்றிலும் பித்தளை வளையம் உண்டா, கம்பிகள் எந்தப் பக்கமாக இறங்குகின்றன என்று பார்த்தால், என்ன வகைக் கைட் அங்கே இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவரின் மினிமொடல்ஸ் நிறுவனம் 1952 முதல் ஸ்கேலக்ஸ் என்ற பெயரில் சாவி கொடுத்து ஓட்டும் தகரக் கார்களைச் செய்தது. அதே தகரக் கார்களுக்குள் மின்மோட்டரை வைத்து, ஸ்கேலெக்ஸ்ரிக் என்று பெயரிட்டு, 1957 ஜனவரியில் ஹாரோகேட் விளையாட்டுப் பொருள் சந்தையில் காட்டினார்கள். மசெராட்டி 250எஃப், ஃபெராரி 375 இரண்டும்தான் அந்த முதல் கார்கள். அவற்றின் அடியில் நாம் இன்று சொல்லும் அலகே கிடையாது. காரின் வயிற்றுக்குக் கீழ் ஒரு சிறு உலோகச் சில்லு தொங்கும். ஒன்றை ஒன்று தொடாதபடி நடுவில் காப்பு வைத்த இரண்டு பாதிகள் அதற்கு; ஒரு பாதி ஒரு பட்டியையும் மற்றப் பாதி மற்றப் பட்டியையும் தொட்டு உருளும். வழி காட்டுவதும் கரன்ட் எடுப்பதும் அந்த ஒரே சில்லுதான். பழைய கைட்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். உரசாமல் உருண்டு வேலை செய்த வகை. அழுக்குப் பட்டால் தொடர்பு அறுந்து போகும் என்பது அதன் குறை. ஆனாலும் அப்படி ஒரு யோசனை தோன்றிய தலைக்கு ஸலாம் சொல்லத்தான் வேண்டும்.

1958இல் நிறுவனம் லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. 1960இல் லோட்டஸ், வான்வால் என்ற இரண்டு பந்தயக் கார்களோடு பிளாஸ்டிக் காலம் தொடங்கியது. அதன் பிறகு அலகும் செம்புப் பின்னலும்தான் உலக வழக்கு. ஆனாலும் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. அமெரிக்காவின் அவ்ரோரா நிறுவனம் விரல் நீளக் கார்களைச் செய்தது. 1963இல் வந்த தண்டர்ஜெட் 500 அவற்றில் பெயர் பெற்றது. அதில் வழிகாட்டும் வேலை ஒரு குட்டி முளைக்கு மட்டும். கரன்ட் எடுப்பது தனியாக இரண்டு உலோகத் தகடுகள். ஏர்ஃபிக்ஸ் கார்களில் கைட் திரும்பும்போது முன் சில்லுகளும் உண்மைக் கார் போலத் திரும்பும். கழகங்கள் பெரிய மரத்தடங்களில் ஓட்டிய கார்களில் கைட்டை ஒரு ஆடும் கையில் பொருத்தினார்கள். கார் துள்ளினாலும் அலகு தவாளிப்பை விட்டு எழும்பாது. ஜெர்மனியின் கரேரா 1963இல் சந்தைக்கு வந்தது. அதன் தவாளிப்பு ஆழம் கூடியது. அதற்குச் செய்த அலகு ஸ்கேலெக்ஸ்ரிக் தடத்தின் அடியில் முட்டும். இந்த ஒரு வேறுபாட்டை விரலால் உணரப் பழகிவிட்டால், குவியலுக்குள் கையை விட்டே கரேரா துண்டைப் பிரித்து எடுக்கலாம்.

இனிக் கையில் ஒரு கைட் மட்டும், கார் இல்லாமல், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? நான் முதலில் பார்ப்பது பிளாஸ்டிக்கை. பழைய கைட்கள் பல நைலோனில் செய்யப்பட்டவை. டியூபொன்ட் நிறுவனம் டெல்ரின் என்ற அசெற்றல் பிளாஸ்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1960இல். ஆகவே அசெற்றலில் செய்த கைட்டை 1957ஆம் ஆண்டுத் துண்டு என்று யாராவது விற்க வந்தால் அவரோடு பேரம் பேசத் தேவையில்லை. இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். நம் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒரு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடிக் கோப்பை நீரில் உப்பைப் போட்டுக் கொண்டே கலக்குங்கள். இனிக் கரையாது என்று உப்பு அடியில் தங்கும்போது நிறுத்துங்கள். அந்த நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 இருக்கும். நைலோன் 1.14, மிதக்கும். அசெற்றல் 1.41, தாழும். பின்னலையும் உலோகக் கிளிப்பையும் கழற்றிவிட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தடவி அகற்றிய பிறகு போட வேண்டும். கண்ணாடி நார் கலந்த நைலோனும் தாழும் என்பதால் தாழ்ந்ததெல்லாம் அசெற்றல் என்று முடிவு கட்டக் கூடாது. மிதந்தால் மட்டும் அசெற்றல் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி நிழலில் காய வையுங்கள்.

அடுத்தது தேய்மானம். இதுதான் என்னை இந்தத் துண்டுகளுக்கு அடிமையாக்கியது. வளைவில் கார் வெளிப்பக்கம் தள்ளப்படும். அலகின் வெளிமுகம் தவாளிப்பின் வெளிச்சுவரில் உரசும். சாதாரண நீள்வட்டத் தடத்தில் எல்லா வளைவும் ஒரே திசையில்தான் வரும். ஆகவே அந்தத் தடத்தில் ஓடிய காரின் கைட்டில் ஒரு முகம் பளபளத்துத் தேய்ந்திருக்க, மறுமுகம் அச்சிலிருந்து வந்த சொரசொரப்போடு அப்படியே இருக்கும். எட்டு வடிவத் தடத்தில் ஒரு சுற்றில் இடமும் வலமும் மாறி மாறி வரும் என்பதால் இரண்டு முகமும் ஒத்துத் தேயும். எங்கோ ஒரு வீட்டில், எப்போதோ ஒரு பிள்ளை தன் தடத்தை எப்படி அடுக்கி விளையாடியது என்பதை இந்தக் கடுகளவு தேய்மானத்தில் படிக்கலாம். அலகின் முன்நுனி மழுங்கியிருந்தால் தடத் துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் இடறியிருக்கின்றன. தண்டைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. பெட்டியே திறக்காத கார்களுக்குத்தான் சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஓடாத காரின் கைட்டில் படிக்க ஒன்றுமில்லை. தேய்ந்த கைட்டை மாற்றிப் புதிதாகப் போட்டுவிட்டு, பழையதைக் குப்பையில் எறிவது நாட்குறிப்பைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். மாற்றுங்கள், ஆனால் பழையதை எறியாதீர்கள்.

ஒரே காரைப் பல நாடுகளில் செய்தார்கள் என்பது இன்னொரு சுவை. ஸ்கேலெக்ஸ்ரிக்கை ஸ்பெயினில் 1962 முதல் எக்ஸின் நிறுவனம் செய்தது. பிரான்சிலும் செய்யப்பட்டது. மேலே பார்த்தால் ஒரே கார் போலத் தெரியும். அடித்தட்டும் அதில் பதிந்த எழுத்தும் வேறு கதை சொல்லும்.

அடித்தட்டுக் கதைக்கு நமக்கு மிக அருகில் இருக்கும் ஊர் கல்கத்தா. ஸ்கேலெக்ஸ்ரிக்கை வைத்திருந்த லைன்ஸ் பிரதர்ஸ், 1964இல் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனத்தையும் வாங்கியது. டிங்கி என்ற புகழ்பெற்ற உலோக விளையாட்டுக் கார்களைச் செய்தது அந்த மெக்கானோதான். அங்கே உற்பத்தி நின்றுபோன சில டிங்கி கார்களின் வார்ப்பு அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. எஸ். குமார் அன்ட் கோ நிறுவனம் அவற்றில் வார்த்து, நிக்கி டொய்ஸ் என்ற பெயரில் விற்றது. ஜாகுவார் டி வகையும் வான்வாலும் அந்த வரிசையில் உண்டு. இவற்றுக்கு மோட்டரும் இல்லை, கைட்டும் இல்லை. கையால் தள்ளி விளையாடுபவை. இருந்தாலும் பார்க்கும் கண் ஒன்றுதான். கவிழ்த்தால், டிங்கியின் பெயர் இருந்த இடத்தில் அதை நீக்கிய தடம் பல கார்களில் தெரியும். பூச்சு லிவர்பூல் காரை விடத் தடிப்பு, சில்லுகளும் அவ்வளவு நேர்த்தி இல்லை. இதைக் காட்டித் தாழ்வாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஓய்வு கொடுத்த அச்சுக்கு இன்னொரு ஆயுள் கொடுத்து, இந்தியப் பிள்ளைகளின் கைக்கு எட்டச் செய்த வேலை அது. வான்வாலை லிவர்பூல் வார்ப்பு, கல்கத்தா வார்ப்பு, ஸ்கேலெக்ஸ்ரிக் பிளாஸ்டிக் என்று மூன்றையும் பக்கத்தில் கவிழ்த்து வைத்துப் பார்க்கக் கிடைத்தால், ஒரு பிற்பகல் போவது தெரியாது. 1971இல் லைன்ஸ் பிரதர்ஸ் நொடித்துப் போனது. உடைமைகள் பிரிந்து பிரிந்து வேறு வேறு கைகளுக்குப் போயின.

கடலோரத்தில் இவற்றைக் காப்பாற்றுவது தனி வேலை. உப்புக் காற்றுக்கு முதல் பலி செம்புப் பின்னல். பச்சை பூத்துப் பொடியாகும். பச்சையைக் கத்தியால் சுரண்டினால் பின்னலின் நூல்கள் அறுந்துவிடும். வினாகிரி கொஞ்சம் தொட்ட மென்தூரிகையால் தடவி, உடனே நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய விடுவதே போதும். கம்பிகளைச் சுற்றிய பழைய பிளாஸ்டிக் உறை ஒட்டிப் பிசுபிசுக்கும். கைட்டோடு சேர்த்து ஒரே பையில் வைத்தால் இரண்டும் கெடும். மூடி இறுகும் போத்தலில், மருந்துப் புட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். எண்ணெய் பூச வேண்டாம்.

இப்போது பழைய கைட்களுக்கு மாற்றாகப் புதிதாக அச்சிட்டவையும் வார்த்தவையும் விற்பனைக்கு வருகின்றன. ஓட்டுவதற்கு அவை நல்லவை. நான் எதிரி அல்ல. அடுக்கடுக்கான மெல்லிய கோடுகள் தெரிந்தால் அச்சுப்பொறியில் வந்தது. ஓரத்தில் சின்னக் காற்றுத் துளைகள் இருந்தால் கையால் வார்த்தது. பழைய தொழிற்சாலைத் துண்டில் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த நேர்கோடு ஒன்று தெரியும். பிளாஸ்டிக் உள்ளே புகுந்த இடத்தில் வெட்டிய ஒரு புள்ளியும் இருக்கும். புதியதைப் பழையது என்று விற்பது மட்டும் தவறு.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பரணில் இப்படியான கார் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்க முன்னர் ஒரு தரம் கவிழ்த்துப் பாருங்கள். பெட்டியின் மூலையையும் தட்டிப் பாருங்கள். கழன்ற கைட் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கிடைத்த உடனே கழுவ வேண்டாம், ஒட்ட வேண்டாம். சின்னப் பையில் போட்டு, எந்தக் காரோடு இருந்தது, யார் எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சேர்த்து வையுங்கள்.