பிறந்தநாள் படத்தில் இல்லாத ஆள்

முதல் பிறந்தநாள் ஸ்டுடியோ படம்னாலே ரெண்டு கட்சி. "எல்லாம் நாடகம், வரைஞ்ச படுதா, இரவல் பொம்மை போன், பயந்து முழிக்கிற குழந்தை" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்துப் படத்தோட அழகு இப்ப வருமா?" என்பது இன்னொன்று. ரெண்டு பேருமே முக்கியமான ஒரு ஆளைக் கவனிக்கலைன்னு எனக்குத் தோணுது.

வீட்டு ஆல்பத்தில் இருக்கும் பழைய படம் ஒன்றை எடுத்துப் பாருங்க. பல படங்களில் குழந்தை லென்ஸைப் பார்க்காது. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் எதையோ பார்க்கும். அங்கே அம்மாவோ தாய்மாமனோ கிலுகிலுப்பையை ஆட்டிக்கிட்டு நிற்கிறார். அந்தப் பார்வையில் இருக்கும் திகைப்பு, நம்பிக்கை எல்லாம் அந்த ஆளுக்கானது. படுதா பொய்தான், பார்வை பொய்யில்லை.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கச் சில நொடிகளாவது ஆகும். அதுவரை குழந்தை அசையக் கூடாது. அதனால் அம்மாவைத் துணியால் மூடி, நாற்காலி மாதிரி உட்கார வச்சு, அவர் மடியில் குழந்தையை வைப்பாங்க. இத்தாலியக் கலைஞர் லிண்டா ஃப்ரெக்னி நாக்லர் இப்படிப்பட்ட படங்களைத் தேடிச் சேர்த்து, 2013இல் 'தி ஹிட்டன் மதர்' என்று புத்தகமாகவே போட்டார். மறைச்சாலும் துணிக்கு அடியில் ஒரு உடம்பு இருப்பது தெரியத்தான் செய்கிறது.

இன்றைக்கு அந்த மிச்சமும் போயிடுது. பச்சிளம் குழந்தை ரெண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கிட்டுத் தூங்கும் படத்தைப் பார்த்திருப்பீங்க. தன் தலையின் எடையை அப்படித் தாங்க அந்தக் குழந்தையால் முடியாது. பெரியவர் ஒருவர் ஒரு படத்தில் தலையையும் இன்னொன்றில் மணிக்கட்டையும் பிடிச்சுக்கணும். பிறகு ரெண்டையும் இணைச்சு, பிடிச்ச விரல்களைக் கணினியில் அழிச்சுடறாங்க.

கேக்கைப் பிசையவிட்டு எடுக்கும் முதல் பிறந்தநாள் ஷூட்டில் வேறு விதமான அழிப்பு. 120 ரோலில் சதுரப் படம் 12தான் வரும். ஒரு குழந்தைக்காக முழு ரோலையும் தீர்க்க ஸ்டுடியோக்காரருக்கு மனசு வராது. அழுதால் அழுத படம்தான். இப்போ நூற்றுக்கணக்கில் எடுத்து, சிரிச்சதை மட்டும் வச்சுக்கறோம். பிசுபிசுப்புப் பிடிக்காமல் அம்மாவை நோக்கிக் கை நீட்டிய படம் குப்பைக்குப் போகுது.

செட்டு போடுவது, தீம் வைப்பது எதிலும் எனக்குக் குறையில்லை. படுதா காலத்திலிருந்தே அது இருக்கு. என் குறை, குழந்தையைத் தாங்கியவரின் தடயம் வேண்டாத கறையாகிப் போனதில்தான். வளர்ந்தபின் அந்தப் படத்தைப் பார்ப்பவருக்குத் தான் தனியாகவே உட்கார்ந்து சிரிச்சதாகத்தான் தெரியும். யாரோ ஒருத்தர் பக்கத்தில் நின்னார் என்பது தெரியாது.

அதனால் ஷூட்டுக்குப் போறவங்களுக்கு ரெண்டே வேண்டுகோள். கை தெரியும் படம், அழுத படம், ஒவ்வொன்றாவது திருத்தாமல் கேட்டு வாங்குங்க. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி உதிர்ந்துடும்; அதனால் பிரிண்ட் போட்டுப் பின்பக்கம் தேதியும் ஊரும் எழுதுங்க. கிலுகிலுப்பை ஆட்டினவர் பெயரையும் சேர்த்து.