இரவல் யாப்பும் சொந்தத் துயரும்: பிலிஸ் வீற்லியின் கவிதைகள்

அடிமைமுறை நிலவிய அமெரிக்காவிலே கவிதை புனைந்த பெண்களை மதிப்பிடுவோர், அவர்தம் ஆக்கங்களில் எதிர்ப்புக்குரல் எவ்வளவு உரத்து ஒலிக்கின்றது என்பதையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்வர். இவ்வளவுகோலினால் மிகுதியும் குறைத்து மதிக்கப்பட்டவர் பிலிஸ் வீற்லி ஆவார்.

1761 ஆம் ஆண்டில், ஏழு அல்லது எட்டு வயதுச் சிறுமியாக மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பொஸ்ரன் நகருக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டவர் அவர். ஏற்றிவந்த கப்பலின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. வாங்கியவரின் குடும்பப்பெயர் அதனோடு சேர்ந்தது. அவ்வீட்டிலே கல்வி பெற்று, இளமையிலேயே கவிதை எழுதத் தொடங்கினார். 1773 இல் அவரது நூல் இலண்டனில் வெளிவந்தபோது, கவிதைகளை இயற்றியவர் அவரே எனச் சான்றுரைத்து, ஆளுநர் உட்படப் பொஸ்ரன் பிரமுகர் 18 பேர் பெயரிட்ட பத்திரமொன்று அதில் இடம்பெற்றது. அவரை உடைமையாகக் கொண்டிருந்த ஜோன் வீற்லியும் அவர்களுள் ஒருவர். தன் சொல் தன்னுடையதே என்பதற்கும் உடைமையாளனின் சான்று வேண்டியிருந்த நிலையை மறந்து அக்கவிதைகளை நோக்குதல் பொருந்தாது.

தோமஸ் ஜெபர்சன் அவரைக் கவிஞராகவே ஏற்க மறுத்தார். 1960களில் எழுச்சிபெற்ற கறுப்பினக் கலை இயக்கத்தைச் சார்ந்த விமர்சகர் சிலரோ, வெள்ளையரின் யாப்பையும் சமயத்தையும் இரவல் பெற்றுத் தம் இனத்தின் துயரை அவர் மறந்தார் எனக் குறைகூறினர். இரு சாராரின் நோக்கங்களும் முற்றிலும் வேறானவை. எனினும், இரவல் வடிவத்துள் அவர் எதைப் பாடினார் என்பதை இரு சாராரும் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை.

அலெக்சாண்டர் போப்பின் ஈரடிச் செய்யுள் மரபை அவர் பின்பற்றினார் என்பது உண்மையே. ஆயின் அம்மரபில் அவர் பாடியவற்றுட் கணிசமானவை கையறுநிலைப் பாடல்கள். குழந்தையை இழந்த பெற்றோரையும் கணவனை இழந்த மனைவியையும் அவர் தேற்றுகின்றார். பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு பெண் பிறர் இழப்புக்கு ஆறுதல் கூறுகின்றார். தம் இழப்பைப் பற்றியோ பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றார்.

1772 இல், குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சராகப் பதவியேற்ற டாட்மத் பிரபுவை வாழ்த்தி எழுதிய கவிதையில் அம்மௌனம் கலைகின்றது. சுதந்திர வேட்கை தமக்கு எங்கிருந்து வந்தது என விளக்கப்புகும் கவிஞர், தந்தையிடமிருந்து தாம் கவரப்பட்டதையும் பெற்ற மனம் பட்ட பாட்டையும் கூறி, பிறரேனும் அத்தகைய கொடுங்கோன்மைக்கு ஆளாகாதிருக்க வேண்டுகின்றார். வாழ்த்துப்பாவின் நடுவே சொந்தத் துயரம் அரசியல் வாதமாகின்றது.

எல்லாக் கவிதைகளும் இத்தகையன அல்ல. தாம் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டமையை இறையருளாகக் காட்டும் கவிதை, கறுப்பரை இழிவாக நோக்கும் கிறிஸ்தவரை இறுதியிற் கண்டிப்பினும், அடிமை வாணிபத்தை நேரடியாகச் சாடவில்லை. இக்குறையை மறைத்தல் திறனாய்வாகாது.

1854 இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாப்பரோடு ஒப்பிடுகையில் இவ்வெல்லை மேலும் தெளிவாகும். பிறப்பிலேயே சுதந்திரமானவரான ஹாப்பர், அடிமை ஒழிப்புக்காக மேடைகளிற் பேசியவர். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என 1662 இல் வேர்ஜீனியாவில் இயற்றப்பட்டது போன்ற சட்டங்கள், தாய்மையையே உடைமையாளனின் செல்வப் பெருக்கத்துக்கு வழியாக்கியிருந்தன. பிள்ளை பறிக்கப்படும் கணத்தைத் தாயின் பக்கம் நின்று ஹாப்பர் நேராகப் பாடினார். பறிக்கப்பட்ட பிள்ளையாகவே வாழ்ந்த வீற்லிக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே விடுதலை பெற்ற வீற்லி, 1779 இல் இரண்டாவது தொகுதிக்கு ஆதரவு வேண்டி அறிவித்தல் விடுத்தார். ஆதரவு கிட்டவில்லை, அது நூலாகவுமில்லை. 1784 இல் வறுமையில் மறைந்தார். சுதந்திரப் பெண்ணாக அவர் தொகுக்க விரும்பிய நூலை உலகம் காணவில்லை. கைக்கெட்டிய தொகுதியோ அடிமை நிலையில் எழுதப்பட்டது. அதில் உரத்த குரலைத் தேடி ஏமாறுவதிலும், அனுமதிக்கப்பட்ட சொற்களுக்குள்ளே அவர் எதைச் சொல்லத் துணிந்தார் என நோக்குதலே நேர்மையான திறனாய்வாகும்.