சாயம் பூசாத முத்து

தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் சிப்பி விற்கும் இளைஞர் ஒருவர், ஒரு சிப்பியைத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். ரோஸும் பச்சையுமாக மின்னியது. “பெயின்ட்டா?” என்றேன். “சாயமெல்லாம் இல்ல அண்ணாச்சி. சாய்ச்சுப் பாருங்க, கலர் மாறும்” என்றார்.

தமிழில் வரும் பல பௌதிகக் கட்டுரைகளைவிட இது மேல். விஷயத்தைச் சொல்லி, நீங்களே சோதித்துப் பார்க்க வழியும் சொல்லிவிட்டார்.

நம் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு தப்பு செய்கின்றன. முதலாவது, பிரமிப்பு. 2012 ஜூலை 4-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் ஹிக்ஸ் போஸானை அறிவித்ததும், எல்லாரும் ‘கடவுள் துகள்’ என்று தலைப்பு போட்டார்கள். அது 1993-ல் லியோன் லெடர்மேன் எழுதிய புத்தகத்தின் தலைப்பு. பௌதிகக்காரர்கள் பலருக்கே பிடிக்காத பெயர். கூடவே, இந்திய அரசு 2004-ல் செர்னுக்குக் கொடுத்த நடராஜர் சிலை வேறு. எலெக்ட்ரானுக்கு நிறை எப்படி வந்தது என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று.

இரண்டாவது, உவமை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு என்றால் உடனே ரப்பர் ஷீட்டில் இரும்புக் குண்டு. குண்டு ஏன் ஷீட்டை அமுக்குகிறது? கீழே இருக்கும் பூமி இழுப்பதால். அதாவது ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்குகிறோம். வாசகர் தலையாட்டுவார். புரிந்திருக்காது.

வேறெப்படிச் சொல்வது? முத்திலிருந்து ஆரம்பிக்கலாமே.

முத்தும் சிப்பியின் உட்புறமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லில் இருப்பதேதான். ஆனால் மெல்லிய தட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தட்டின் கனம் சுமார் அரை மைக்ரான். 2,000 தட்டு அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய இதே அளவு. மேல்தட்டில் பட்டுத் திரும்பும் அலையும் அடுத்த தட்டில் பட்டுத் திரும்பும் அலையும் சந்திக்கின்றன. முகடோடு முகடு சேர்ந்தால் அந்த நிறம் பளிச். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அவுட். சாய்த்தால் ஒளி போகும் தூரம் மாறும், நிறமும் மாறும். சர் சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்கிய பிறகும் 1930-களில் சிப்பிகளையும் 1950-களில் முத்துக்களையும் உட்கார்ந்து ஆராய்ந்தார். அவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இது புரிந்தவருக்கு லைகோ பாதி புரிந்த மாதிரி. அங்கே லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரு 4 கிலோமீட்டர் குழாய்களில் அனுப்பி, திரும்பி வந்ததும் முகடும் பள்ளமுமாகச் சந்திக்க வைக்கிறார்கள். இருட்டு. 2015 செப்டம்பர் 14-ல், சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு கருந்துளைகள் மோதிய அலை வந்து குழாய்களின் நீளத்தைத் துளி மாற்றியது. புரோட்டானின் குறுக்களவில் மிகச் சிறு பங்குதான். அது போதும், இருட்டில் வெளிச்சம் கசிந்தது. ரப்பர் ஷீட் தேவைப்படவே இல்லை, கவனித்தீர்களா?

தமிழில் முடியுமா என்று கேட்காதீர்கள். இதே மாவட்டத்துப் பெருங்குளத்தில் 1891-ல் பிறந்த பெ.நா. அப்புசுவாமி ஒரு வக்கீல். சங்க இலக்கியமும் தெரிந்தவர். மின்சாரம், வானொலி, அணு என்று வாழ்நாளெல்லாம் தமிழில் அறிவியல் எழுதினார். வாசகரை முட்டாளாக நினைக்காமல் படிப்படியாகச் சொன்னதுதான் அவர் பலம். அவருடைய சில கலைச்சொற்கள் இன்று பழசாகத் தோன்றலாம். அந்தப் பொறுமை பழசாகவில்லை.

இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்து போனாலும் சிப்பி கிடைக்கிறது. அடுத்த முறை ‘பிரபஞ்ச ரகசியம்’ என்று கட்டுரை கண்ணில் பட்டால், அந்த இளைஞர் சொன்னபடி கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால் சரக்கு. மாறாவிட்டால் பெயின்ட்.